பின்னறைக்கு வந்த ஒயர்

ஜெனிஷாவுக்குக் கைகளால் பேசுவதுதான் வேலை. காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்கோ வங்கிக்கோ போனால், அங்கிருந்தே வீடியோ அழைப்பில் அவளைக் கூப்பிடுவார்கள். எதிரில் இருப்பவர் பேசுவதைக் கேட்டு அவள் சைகை மொழியில் சொல்வாள். அவர்கள் சைகையில் சொல்வதை வாய்விட்டுச் சொல்வாள். தம்பி ஜெர்வினுக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. அதனால் அந்த மொழி அவளுக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே கைவந்திருந்தது.

திருநின்றவூரில் பூங்காவனத்தம்மாள் வீட்டு மாடியில் அவளும் கணவன் லிபினும் குடியிருந்தார்கள். தெருப் பக்கம் ஹால், நடுவில் சமையலறையும் குளியலறையும், கடைசியில் பின்னறை. லாரிச் சத்தமும் மீன்காரர் ஸ்பீக்கரும் எட்டாத இடம் அந்தப் பின்னறை மட்டும்தான் என்பதால், சுவரில் நீலத் துணியை மாட்டி அதையே அலுவலகம் ஆக்கிக்கொண்டிருந்தாள். இன்டர்நெட் பெட்டி இருந்ததோ ஹாலில், டிவிக்குப் பக்கத்தில். இரண்டு சுவர்களையும் ஒரு பீரோவையும் தாண்டித்தான் வைஃபை அவளிடம் வந்தாக வேண்டும். வந்துகொண்டும் இருந்தது, மார்ச் மாதத்து அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

அன்று கூப்பிட்டவர் சிவராமன். அம்பத்தூர் பக்கம் லேத் பட்டறையில் வேலை செய்பவர், நாற்பத்தெட்டு வயது, இதயக் குழாய் அடைக்காமலிருக்க ஸ்டென்ட் என்ற சின்ன வலைக்குழாய் வைத்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பல் பிடுங்க வேண்டியிருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையை அதற்காக நிறுத்தலாமா என்று கேட்கத்தான் டாக்டரிடம் வந்திருந்தார். டாக்டருக்கு அவசரம். "பல்லுக்காக அந்த மாத்திரைய நிறுத்த வேண்டாம்னு சொல்லுங்கம்மா. அவ்ளோதான்" என்றார்.

ஜெனிஷா சொன்னாள். மாத்திரை என்று காட்டினாள். நிறுத்து என்று ஒரு உள்ளங்கையின் மேல் மறு கையை வெட்டினாற்போல் வைத்தாள். சைகை மொழியில் வேண்டாம் என்பது கடைசியில்தான் வரும். அதற்காகக் கையைத் தூக்கிய நொடியில் திரையில் சிவராமன் அசையாமல் நின்றுபோனார். நான்கு நொடியோ ஐந்து நொடியோ இருக்கும். படம் திரும்பி வந்தபோது அவர் கட்டைவிரலை உயர்த்திச் சிரித்தார், நன்றி என்றார், அழைப்பைத் துண்டித்துவிட்டார்.

தன் கை அசைந்தது அவளுக்குத் தெரியும். அவர் அதைப் பார்த்தாரா என்பது தெரியாது.

திரும்பக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மூன்று முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை. எழுதி அனுப்பலாம் என்றால், அவருக்கு எழுத்து அவ்வளவாக வராது என்பது முன்பு பேசியதிலிருந்தே தெரியும். மொபைலை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்து, மெதுவாக, இரண்டு தடவை அதையே சைகையில் சொல்லி, வீடியோ எடுத்து அனுப்பினாள். பார்த்ததற்கான நீலக் கோடுகள் வர நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு அவரிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. பேருந்தில் உட்கார்ந்திருந்தார். நிறுத்தச் சொன்னதாகத்தான் புரிந்துகொண்டேன், வீட்டுக்குப் போனதும் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டிருப்பேன், நல்லவேளை சொன்னாய் என்றார். அவர் முகத்தில் கோபமே இல்லை. அவளுக்கு அதுதான் தாங்கவில்லை.

அன்று மதியமே மேற்பார்வையாளர் ரேகாவுக்குப் போன் செய்தாள்.

"எனக்கு ஆஸ்பத்திரி அழைப்பு எதுவும் தராதீங்க ரேகா. வீட்டு நெட்டைச் சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

"எல்லாருக்கும் அப்பப்ப நிக்கத்தான செய்யுது ஜெனி?"

"தெரியும். ஆனா இப்போதைக்கு வேணாம்."

இணைப்புக் கம்பெனியிலிருந்து கோபி வந்தார். ஹாலில் நின்று மொபைலில் வேகத்தை அளந்து காட்டி, "லைன்ல ஒரு குறையும் இல்ல மேடம்" என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. மறுநாள் லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கிக்கொண்டு போய், பெட்டியோடு ஒரு குட்டை ஒயரால் இணைத்து ஜெனிஷாவே சோதித்தாள். நொடிக்கு ஒரு முறை வெளியே ஒரு கேள்வி போய், பதில் வர எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்று காட்டும் ஒரு கறுப்புத் திரையைத் திறந்து வைத்தாள். ஆறு, ஐந்து, ஆறு, ஏழு என்று அரை மணி நேரம் ஒரே சீராக ஓடியது. ஒயரைப் பிடுங்கிவிட்டுப் பின்னறைக்குப் போய் உட்கார்ந்தாள். எட்டு, ஒன்பது, எட்டு, முந்நூற்று நாற்பது, பதில் இல்லை, பதில் இல்லை, பன்னிரண்டு. தெருவிலிருந்து ஹால் வரைக்கும் பழுது இல்லை; ஹாலிலிருந்து பின்னறைக்கு வரும் இருபதடிக் காற்றில்தான் பழுது.

"வேகம் அதிகமா இருக்கிற பிளானுக்கு மாறிடலாமா?" என்று லிபின் கேட்டான்.

"வேகம் போதும் லிபின். நடுவுல அறுந்துபோவுது, அதான் சிக்கல்."

நடு வழியில் ஒரு ரிப்பீட்டரை மாட்டிப் பார்த்தார்கள். சிக்னல் கோடுகள் எல்லாம் நிறைந்து நின்றன, படமும் முன்போலவே அவ்வப்போது உறைந்து நின்றது. வலுவில்லாமல் வருவதையே வாங்கி அது மறுபடி கத்திக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

ஒயர்தான் தீர்வு என்று தெரிந்துவிட்டது. ஆனால் ஒயர் போக வேண்டுமானால் சுவரில் துளை போட வேண்டும். குடிவந்த முதல் நாளே பூங்காவனம் சொல்லியிருந்தார்: "எது வேணா பண்ணிக்கோ, ட்ரில்லு மட்டும் எடுத்துகினு வராத." முன்பு இருந்தவர்கள் ஏசிக்காகப் போட்ட துளை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, கீழ்வீட்டுப் படுக்கையறைச் சுவர் இரண்டு வருடம் ஊறிக் கிடந்ததாம்.

சுவரில் ஏற்கெனவே ஒயர் இருக்கிறதே என்பது ஒரு வீடியோவைப் பார்த்தபோதுதான் ஜெனிஷாவுக்கு உறைத்தது. கரண்ட் ஒயர். பவர்லைன் அடாப்டர் என்று ஒரு ஜோடி வருகிறது. ஒன்றை இன்டர்நெட் பெட்டிக்குப் பக்கத்து பிளக்கில் செருகி அதனோடு இணைக்க வேண்டும். மற்றதை வேலை செய்கிற அறையின் பிளக்கில் செருக வேண்டும். இடையில் இருக்கிற மின்கம்பி வழியாகவே இணையம் நடந்து வந்துவிடும்.

வாங்கி வந்து எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாள், ஏமாற்றமாகத்தான் இருந்தது. அந்த பாக்ஸைக் கழற்றிவிட்டுச் சுவர் பிளக்கில் நேராகச் செருகியதும் மூன்று பச்சை விளக்குகள் எரிந்தன. பதினொன்று, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஹாலில் வந்த அளவுக்கு இல்லை, ஆனால் அறுபடவில்லை. மிக்ஸி ஓடும்போது மட்டும் கொஞ்சம் தடுமாறியது. காலை ஒன்பது மணிக்குள் சட்னி அரைத்துவிடுவதாக லிபின் ஒப்புக்கொண்டான். ஒன்பது நாள் ஒரு தொல்லையும் இல்லை. ரேகாவைக் கூப்பிடலாமா என்று நினைத்துக்கொண்டிருந்த பத்தாம் நாள், முன்பகலில், ஒரு வங்கி அழைப்பின் நடுவே நடு விளக்கு சிவப்பானது. இணைப்பு போயே போய்விட்டது. மாலை ஐந்து மணிக்கு யாரும் தொடாமல் அதுவாகவே திரும்பி வந்தது.

அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சிவப்பு எரிவதற்கு ஒரு கணம் முன்னால், மாடிப்படிக்கு அடியிலிருந்து 'டக்'கென்று ஒரு சத்தம் அவள் காதில் விழுந்தது. இறங்கிப் போனாள். மீட்டர்ப் பலகை முன்னால் பூங்காவனம் ஒரு திருகு சுவிட்சில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"என்னக்கா பண்றீங்க?"

"வோல்டேஜே இல்லம்மா. வெயில் ஏறுனா போதும், இந்த பேஸ்ல ஃபேனு சொணங்குது. அதான் எங்க ஊட்டுக்கு வேற பேஸ் மாத்துனேன். உன் ஹால்லயும் அப்டித்தான சுத்தும்னு உன்னுதையும் சேத்து மாத்தி வுட்டேன். சாய்ங்காலம் பழையபடி வச்சிடுவேன்."

"பின்னறைக்கு?"

"அது தனி சுச்சு. அதத் தொடல. நீ உள்ள இருக்கியேன்னு வுட்டுட்டேன்."

ஜெனிஷா படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. ஹால் ஒரு பேஸில், பின்னறை வேறொரு பேஸில்; அதாவது தெருவிலிருந்து வரும் வெவ்வேறு மின்கம்பிகளில். இரண்டுக்கும் நடுவே கம்பித் தொடர்பே இல்லாதபோது இணையம் எந்த வழியாக நடக்கும்?

"இன்னாம்மா சிரிக்கிற?"

சொன்னாள். கரண்ட் ஒயரில் நெட் போகிறது என்பதைப் பூங்காவனம் முதலில் நம்பவில்லை. "ஷாக் அடிக்காதா?" என்றார். பிறகு, "செரி, நான் இனிமே தொடல" என்றார்.

"வேணாங்கா. இந்த வெயில்ல ஃபேன் இல்லாம ஹால்ல லிபின் பகல்ல எப்படித் தூங்குவாரு? நைட் ஷிப்ட் முடிச்சு வர்றவரு."

"அப்ப ரெண்டு சுச்சையும் சேத்தே மாத்தறேன். நடுவுல ஒரு நிமிசம்தான போவும்?"

அந்த ஒரு நிமிடமும் ஆகாது என்றாள் ஜெனிஷா. பிறகு சிவராமனைப் பற்றிச் சொன்னாள். டாக்டர் என்ன சொன்னார், படம் எந்த இடத்தில் நின்றுபோனது, நாற்பது நிமிடம் எப்படிப் போயிற்று என்றெல்லாம். சொல்லும்போது கைகளும் தாமாக அசைந்தன. பூங்காவனம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கதவு தொறந்து கெடக்கும்போது பாப்பேன்" என்றார் கடைசியில். "கைய ஆட்டிகினே இருப்ப. டான்ஸு கிளாஸு எடுக்கிறன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். எங்க ஊட்டுக்காரரும் அந்த மாத்திரைதான் ரெண்டு வருசமா போடறாரு. ஒரு நாள் வுடக் கூடாதுன்னு என்னாண்ட சொல்லி அனுப்ச்சாங்க." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார். "நீ எங்கூட வா."

வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் அழைத்துப் போனார். அண்ணாந்து கை காட்டினார். பின்னறை வென்டிலேட்டரில் கீழ்க் கண்ணாடிப் பட்டை ஒன்று உடைந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சந்து தெரிந்தது. ஹால் ஜன்னலிலிருந்து சன்ஷேடுக்கு அடியிலேயே வளைத்துக்கொண்டு வந்தால் அந்தச் சந்துக்குள் ஒயர் நுழைந்துவிடும். முன்பு டிஷ் ஆன்டெனா ஒயருக்காக அடித்த கொக்கிகள்கூட வழி நெடுக அப்படியே இருந்தன.

"ஓட்டை போட வேணாம். இருக்கிற ஓட்டைல வுடு" என்றார் பூங்காவனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்ததும் ஜெனிஷாவும் லிபினும் வேலையில் இறங்கினார்கள். துணி காயப்போடும் கயிற்றை வைத்து அளந்ததில் பத்தொன்பது மீட்டர் வந்திருந்தது. வெயிலும் மழையும் தாங்கும் கறுப்பு நெட்வொர்க் ஒயரில் இருபத்தைந்து மீட்டரை ஆவடியில் வாங்கி வைத்திருந்தாள். லிபின் ஏணியில் ஏறினான். கரண்ட் ஒயர் இருக்கும் பக்கம் அண்டாமல் எதிர்ப்பக்கமாகவே இழுத்துக் கொக்கிகளில் கட்டினான். வென்டிலேட்டருக்குள் நுழையும் இடத்தில் ஒயரை ஒரு சாண் கீழே தொங்கவிட்டு, பிறகு மேலே ஏற்றச் சொன்னாள் ஜெனிஷா. அப்போதுதான் ஒயரோடு வழியும் மழை அந்தத் தொங்கலிலிருந்து வெளியே சொட்டும், உள்ளே வராது. பூங்காவனம் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் தொங்கட்டும்" என்றார்.

முனைகளைப் பொருத்துவதுதான் சிரமமாக இருந்தது. ஒயருக்குள் எட்டு நிறத்தில் எட்டு மெல்லிய கம்பிகள். முறை தப்பாமல் அவற்றைக் கண்ணாடி போன்ற குட்டி மூடிக்குள் செலுத்தி, இடுக்கியால் அழுத்த வேண்டும். முதல் தடவை பச்சையும் நீலமும் இடம் மாறிவிட்டன. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி செய்தாள். இரண்டாம் முறை லேப்டாப்பில் செருகியபோது கறுப்புத் திரையில் ஆறு, ஆறு, ஐந்து, ஆறு என்று ஓடியது. அதை அப்படியே ஓடவிட்டு மூவரும் சாப்பிட்டார்கள். திரும்பி வந்து பார்த்தார்கள். இரண்டாயிரத்து இருநூறு கேள்விகள் போயிருந்தன. ஒன்றுகூடப் பதில் இல்லாமல் இல்லை. கூடவே பூங்காவனம் கீழே போய்ச் சுவிட்சை இரண்டு தடவை திருகிவிட்டும் வந்தார். லேப்டாப்பில் பேட்டரி இருந்தது; ஹால் பெட்டிக்கும் லிபின் ஒரு சின்ன பேட்டரியை மாட்டியிருந்தான். எண்கள் அசையவில்லை.

பவர்லைன் ஜோடியை ஜெனிஷா துடைத்து டப்பாவில் போட்டு வைத்தாள். அது என்ன தப்பு செய்தது, பாவம். ஒயரை எலி கடித்தால் உதவும்.

ரேகா ஆஸ்பத்திரி அழைப்புகளைப் புதன்கிழமையிலிருந்து திருப்பிக் கொடுத்தார். அன்று முதலாவதாக வந்தது பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரிலிருந்து. கணவன், மனைவி இருவருக்குமே காது கேட்காது. மனைவிக்கு ஐந்தாம் மாதம். டாக்டரம்மா எல்லாவற்றையும் நிதானமாகச் சொன்னார், ஜெனிஷா ஒன்று விடாமல் சொன்னாள். எல்லாம் நன்றாக இருக்கிறது. பிறகு டாக்டரம்மா ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினார். அறை முழுக்கக் குழந்தையின் இதயத்துடிப்பு கேட்டது. அவருக்கு அது வழக்கம். அழுத்திய பிறகுதான் எதிரில் இருப்பவர்கள் யார் என்பது நினைவுக்கு வந்தது போலிருந்தது. கொஞ்சம் சங்கடப்பட்டார்.

அந்தப் பெண் திரையில் ஜெனிஷாவைப் பார்த்தாள். என்ன கேட்கிறது என்றாள்.

இதற்கென்று ஒரு சைகை ஜெனிஷாவுக்குத் தெரியாது. ஸ்பீக்கரைக் கொஞ்சம் கூட்டிவைத்துக் கேட்டாள். பெரியவர்களின் துடிப்பைவிட ரொம்ப வேகம், ஏதோ அவசரமாக ஓடுவதுபோல. வலது கையின் இரண்டு விரல்களை நெஞ்சின் மேல் வைத்து அதே வேகத்தில் தட்டத் தொடங்கினாள். அங்கே அந்தப் பெண் தன் நெஞ்சில் தட்டிப் பார்த்தாள். மெதுவாக இருந்தது, ஜெனிஷா தலையாட்டி, இன்னும் வேகம் என்றாள். கணவன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அதன் மேல் தட்டினான். மூன்று பேரும் ஒரே வேகத்துக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

டாக்டரம்மா உடனே நிறுத்திவிடவில்லை. இரண்டு நிமிடத்துக்கு மேல் அதை ஓடவிட்டார்.