ஏழாவது வயர்க்கட்டு

படப்பை மாதா கோயில் பாடகர் குழுவில் யாராவது தாளம் தப்பினால், பாதிரியாரே ஆனாலும் முறைத்துவிடுவாள் ஜோவிதா. அவளுக்கு முதல்முறையாக ஓர் ஆவணப்படத்துக்கு இசையமைக்கும் வாய்ப்பு வந்திருந்தது. ஒரகடத்தில் கார்களுக்கு வயர்க்கட்டு தயாரிக்கும் பெண்களைப் பற்றிய படம். அதில் வெட்டே இல்லாத நான்கு நிமிடக் காட்சி ஒன்று. தயாரிப்பு லைனில் வேலை செய்யும் உச்சிமாகாளியின் இரண்டு கைகள், அவ்வளவுதான். இசை ஒட்டாவிட்டால் காட்சியையே தூக்கிவிடுவேன் என்று இயக்குநர் சக்திகுமார் சொல்லிவிட்டார்.

ஜோவிதா கடிகாரம் வைத்து அளந்தாள். ஒரு கட்டுக்கு இருபது விநாடி. ஆறு கட்டு வரை இம்மி பிசகவில்லை. கோயில் குழுவில் இப்படி ஒருத்தி இல்லையே என்று ஏங்கிப்போனாள். ஏழாவதில்தான் வந்தது வினை. வலது கை படத்தைவிட்டு வெளியே போய், மூன்று விநாடி கழித்துத் திரும்பியது. அந்த இருபது விநாடிக்கென்று அவள் போட்டிருந்த மெட்டு அங்கேயே தடுக்கி விழுந்தது. மூக்கைச் சொறியப் போயிருப்பாள் என்று ஜோவிதாவுக்கு எரிச்சலாக வந்தது.

வள்ளியூர்க்காரியான உச்சிமாகாளி குடியிருந்ததே ஜோவிதா வீட்டு மாடி அறையில்தான். கூப்பிட்டுக் காட்சியைப் போட்டுக் காட்டி, இங்கே என்ன ஆனது என்று கேட்டாள். அந்தப் பெண் ஒருமுறை வாசலைப் பார்த்துக்கொண்டாள்.

"பக்கத்துல நிக்க பூமாரிக்கு அன்னைக்கு நல்ல காய்ச்சல்க்கா. கை நடுங்கிச்சு. அவ கிளிப்பையும் நாந்தான் மாட்டுனேன். அடுத்தவ வேலயத் தொடக் கூடாது. சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா அவளுக்கு வேல போயிரும்."

ஜோவிதா மறுபடி அளந்தாள். எட்டாவது கட்டு பதினெட்டரை விநாடி, ஒன்பதாவதும் பதினெட்டரை. பத்தாவதில் மீண்டும் இருபது. போன மூன்று விநாடியையும் உச்சிமாகாளி இரண்டே கட்டில் பிடித்துவிட்டிருந்தாள். ஜோவிதாவுக்கு உடம்பு சிலிர்த்தது.

"காட்சிய எடுத்துடச் சொல்லட்டா?"

"வேண்டாம்க்கா. நான் என்ன வேல பாக்கேன்னு எங்கம்மைக்குத் தெரியாது. படத்துலயாவது பாக்கட்டும். பாட்டு காட்டிக் குடுத்துராம மட்டும் பாத்துக்கிடுங்க."

பழைய மெட்டைத் தூக்கிப் போட்டாள் ஜோவிதா. பன்னிரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள். புது மெட்டு ஏழாவது கட்டுக்குச் சற்று முன்பே யாரும் அறியாமல் தளர்ந்தது, அந்தக் கை திரும்பும்வரை ஒரே சுரத்தில் நின்றது, பிறகு அந்தக் கையோடு சேர்ந்தே விரைந்தது.

ஞாயிற்றுக்கிழமை கல்யாண மண்டபத்தில் படம் போட்டார்கள். கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் தசரதனும் வந்திருந்தார். காட்சி தொடங்கியதும் நாற்காலிக் கையில் தாளம் போட ஆரம்பித்தார். ஜோவிதா திரையை விட்டுவிட்டு அவர் விரலையே பார்த்தாள். ஏழாவது கட்டு வந்தது, கை வெளியே போனது, திரும்பியது. தசரதனின் விரல் தடுக்கவே இல்லை. மூன்றாம் வரிசையில் பூமாரி மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"எங்க லைன் இப்டித்தான் மேடம்," என்றார் தசரதன் பெருமையாக. "ஒரு செகண்டு கூட பிசகாது."

பன்னிரண்டு நாள் உட்கார்ந்தும் ஜோவிதாவால் அந்த மூன்று விநாடியை மறைக்கத்தான் முடிந்தது. அந்தப் பெண்ணோ அதை ஓடுகிற லைனில், யோசிக்கக்கூட நேரமில்லாமல் ஈடுகட்டியிருந்தாள்.