சொந்த ஊர்ப் பக்கம்

மனிதகுலம் வழி தவறாமல் உலகைச் சுற்றிவருவது நம்பகமான பயணக் கையேடுகளால்தான். அவற்றைத் தேர்ந்தெடுக்கும் ஞானமோ கோடியில் ஒருவருக்கே வாய்க்கும். புத்தகக் கடையின் பயணப் பிரிவில் நின்று விற்பனையாளர் பூமிப்பந்து இப்படிச் சொல்லும்போது கேட்பவர்களுக்குப் புல்லரிக்கும். அவர் மாமியார் வீட்டைத் தவிர வேறெங்கும் போய்த் தங்கியதில்லை. அங்கேயும் மச்சான் வந்துதான் கூட்டிப் போவார்.

பூமிப்பந்து என்பது கடையில் வைத்த பெயர். ஆனால் அவர் சொல்வதில் சரக்கு இருக்கும். மலைக்கு என்றால் வரைபடம் தெளிவாக உள்ள புத்தகம். நகரத்துக்கு என்றால் போன வருஷப் பதிப்பே ஊசிப்போன பண்டம். எந்தப் பிரதேசமானாலும், கழிப்பறை எங்கே என்று எழுதாத ஆசாமி அங்கே போகவே இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் உரைகல்: அதே பதிப்பகம் நம் ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது? நமக்குத் தெரிந்த ஊரிலேயே புளுகுகிறவன் தெரியாத ஊரில் சும்மா இருப்பானா?

அவர் மனைவிக்குக் கடல் பார்க்க ஆசை. கல்யாணமானதிலிருந்து கேட்கிறாள். கடற்கரைக்குச் சரியான கையேடு இன்னும் வரவில்லை என்றே அவர் தட்டிக்கழித்து வந்தார். இந்த முறை அவளே டிக்கெட் எடுத்துவிட்டாள். ஒரு கையேடும் வாங்கிவிட்டாள், அதுவும் எதிர்க்கடையில்.

ரயிலுக்குக் கிளம்பும் நேரத்தில் பூமிப்பந்து அதைப் புரட்டினார். வரைபடம், கழிப்பறை, எல்லாம் கச்சிதம். முகம் சுண்டிப்போயிற்று. நம் ஊரைப் பற்றி இவர்கள் போட்டதைப் பார்க்காமல் ஓரடி எடுத்து வைக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

அதையும் அவள் வாங்கி வைத்திருந்தாள். பக்கத்தை எடுத்து நிதானமாக வாசித்தாள்: "கடைத்தெருப் புத்தகக் கடை பார்க்க வேண்டியது. பயணப் பிரிவில் ஒருவர் இருப்பார். நிறையப் பேசுவார். ரயில் பிடிக்க வேண்டியவர்கள் அவர் கண்ணில் படாமல் வருவது நல்லது."

"சுத்தப் புளுகு," என்றார் அவர்.

"எந்த வார்த்தைங்க புளுகு? அதைச் சொல்லுங்க, பயணத்தையே விட்டுடறேன்."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பதிப்பகங்கள் தோன்றிய கதையிலிருந்து ஆரம்பித்தார். நேரமாச்சுங்க என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். பிறகு தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். அவர் அப்போது அச்சுப்பிழைகளுக்கு வந்திருந்தார்.

அவள் ரயிலைப் பிடித்துவிட்டாள். அவர் பிடிக்கவில்லை.