நீலத்தில் நின்றவன்

"இந்த நீலப் பென்சில் கோட்டு மேல நான் மை போடமாட்டேன், கொமாத்ரே. எத்தனை தடவ..."

"எத்தனை தடவ சொன்னாலும் அது கோடு இல்ல, ஆளு. கண்ணு இருக்கில்ல உனக்கு..."

"அளவுக்குப் போட்ட கோடு அது. பெரிய உருவம் எவ்வளவு, சின்னது எவ்வளவுன்னு..."

"அளவுக்குப் போட்ட கோடு மழைக்கோட்டு மாட்டிக்கிட்டு நிக்குமா?"

இர்மா இப்படிக் கேட்டதும் நிடியா மறுபடி தாள்மேல் குனிந்தாள். இர்மாவின் மகளுக்கு அவள் ஞானத்தாய். அந்த உறவில்தான் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று கூப்பிட்டுக்கொள்வது, சண்டையிலும்.

மேசையில் கிடந்தவை 'கலங்கரையன்' படக்கதையின் கடைசி இதழுக்கான பக்கங்கள். அச்சுக்குப் போகாதவை. இர்மாவின் தம்பி அலிரோ பென்சிலில் வரைந்து வைத்துவிட்டு, போன குளிர்காலத்தில் மார்புச் சளி முற்றிச் செத்துப்போனான். வருஷத்துக்கு ஒரு இதழ். அவன் வரைவான், நிடியா மை போடுவாள், ஜெராக்ஸ் எடுத்து வால்பராய்சோ துறைமுகத்துப் படிக்கட்டுகளில் இருவரும் உட்கார்ந்து விற்பார்கள். கலங்கரையன் முகமூடிக்காரன். நெஞ்சில் விளக்கு எரியும். புயலில் கவிழ்ந்த படகுகளிலிருந்து ஆட்களைத் தூக்கிவந்து கரையில் போடுவான். ஒருத்தரையும் விட்டதில்லை.

அலிரோ முதலில் நீலப் பென்சிலில் தேடுவான். ஒரு கைக்கு ஐந்தாறு கோடு இழுப்பான். அவற்றில் எது உயிருள்ள கோடு என்று பார்த்து நிடியா மை போடுவாள். மற்ற நீலத்தை யாரும் அழிப்பதில்லை, ஜெராக்ஸ் மிஷினில் நீலம் விழாது. அத்தனை வருஷப் பழக்கத்தில் நிடியாவின் கண்ணிலும் அது விழாமல் போயிருந்தது.

"தோளைப் பாரு," என்றாள் இர்மா. "இடது தோள்."

நிடியா பார்த்தாள். படகுக்குப் பின்னால், அலைகளுக்கு நடுவே, குல்லாய் போட்ட மழைக்கோட்டில் ஒருவன் நின்றான். இடது தோள் இறங்கியிருந்தது. மீன் கூடையை எப்போதும் அந்தத் தோளிலேயே சுமந்து சாய்ந்துபோன ஒருவனை அவளுக்கும் தெரியும். இர்மாவின் புருஷன் எலாடியோ. அவனும் அலிரோவும் மச்சானும் மச்சானுமாக ஒரே படகில் மீன்பிடிக்கப் போனார்கள். அலிரோ மட்டும் திரும்பி வந்தான். 'அலை அடிச்சுது' என்பதற்கு மேல் சாகும்வரை ஒரு சொல் சொல்லவில்லை. அடுத்த மாதமே காகிதம் வாங்கிவந்து கலங்கரையனை வரைய உட்கார்ந்துவிட்டான்.

"பழசையெல்லாம் இறக்கு," என்றாள் இர்மா.

"எதுக்கு?"

"இறக்குடி."

அலமாரி மேலிருந்த மூல ஓவியங்களை நிடியா இறக்கினாள். முதல் இதழில் மழைக்கோட்டுக்காரன் நகமளவு, தொடுவானத்தில். அடுத்ததில் பாறைக்கு இந்தப் பக்கம். அதற்கடுத்ததில் மழைக்கோட்டின் பொத்தான்கள் தெரிந்தன. கலங்கரையன் யார் யாரையோ தூக்கிக்கொண்டு கரைக்குப் போகிற ஒவ்வொரு கட்டத்திலும், அவன் முதுகுக்குப் பின்னால், இன்னும் கொஞ்சம் கிட்டே. மழைக்கோட்டுக்காரன் நின்ற இடத்தில் மட்டும் தாள் நைந்து பஞ்சு பஞ்சாக இருந்தது. அலிரோ ரப்பர் போட்டுத் தேய்த்திருக்கிறான். தேய்த்த இடத்திலேயே மறுபடியும் அவன் நின்றான்.

ஒரு பக்கத்தில் நிடியாவின் தூரிகை ராத்திரிக் கடலைக் கருப்பாக நிரப்பியிருந்தது, அவன் நெஞ்சு வரைக்கும்.

"உன் பங்குக்கு நீயும் அவரத் தண்ணிக்குள்ள அமுக்கியிருக்க," என்றாள் இர்மா. சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை.

"எனக்குத் தெரியாது, கொமாத்ரே. சத்தியமா நான் பார்க்கவே இல்ல."

"உன்ன யாரு குத்தம் சொன்னா. கடைசிப் பக்கத்த எடு."

கடைசிப் பக்கம் முழுக்க நீலம். கலங்கரையன் முதல்முறையாகத் திரும்பியிருந்தான். முகமூடி இல்லை. அலிரோவின் முகம், சளி பிடித்த கடைசி மாத முகம். எதிரே மழைக்கோட்டுக்காரன், கைநீட்டினால் தொடுகிற தூரத்தில். நடுவே இரண்டு கைகள், கோடுகளின் சிக்கல். தேடிய கோடுகளில் ஒன்றில் விரல்கள் கோத்திருந்தன. இன்னொன்றில் விரிந்திருந்தன.

"நாளைக்கு நவம்பர் ஒண்ணு," என்றாள் இர்மா. "ஊரே பூவெடுத்துக்கிட்டுக் கல்லறைக்குப் போகும். என் புருஷனுக்குக் குழி இல்ல. இவனுக்கு இருக்கு. நான் இவனுக்குப் பூ கொண்டுபோறதா வேணாமா?"

"அத என்கிட்ட கேட்டா? நான் மை போடறவ, பாதிரியார் இல்ல."

"பாதிரியாருக்கு இவன் கோடு தெரியுமா? கையப் பிடிச்சிருந்து அலை பிடுங்கிட்டுப் போச்சுன்னா அது வேற. இவனே விட்டிருந்தான்னா... இத்தனை வருஷம் இவனுக்கு என் கையால ரொட்டி பிட்டுக் கொடுத்திருக்கேன், நிடியா."

கீழே துறைமுகத்தில் மூடுபனிச் சங்கு ஊதியது. சன்னலுக்கு வெளியே மலைச்சரிவு வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. நிடியா தாளைத் தூக்கி மிச்சமிருந்த வெளிச்சத்துக்குச் சாய்த்தாள். பிறகு திருப்பி, பின்பக்கத்தைச் சுட்டுவிரலால் தடவினாள். தேடும்போது அலிரோவின் கோடு மெலிந்திருக்கும், ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். கண்டுபிடித்துவிட்டால் ஒரே இழுப்பு, தாளின் மறுபக்கம் வரை அழுந்தும்.

கோத்த விரல்களைப் பலமுறை போட்டிருக்கிறான். எல்லாம் மெலிசு. விரிந்த விரல்கள் ஒரே கோடு. சுட்டுவிரலில் தழும்புபோலத் தட்டுப்பட்டது.

"தெரிஞ்சுதா?"

"ம்."

"வாயால சொல்லாதே. போடு. நான் பார்த்துக்கறேன்."

நிடியா மைக்கூட்டில் பேனாவைத் தோய்த்தாள். அலைகளை முதலில் முடித்தாள். பிறகு மழைக்கோட்டின் மடிப்புகள், இறங்கிய தோள், ஈரத்தில் கனத்த சட்டைக்கை. இத்தனை வருஷம் பின்னால் நின்றவன் கருப்பில் எழுந்து வந்தான். இர்மா எழுந்து வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். அவள் மூச்சு நிடியாவின் கழுத்தில் பட்டது. கோடு மணிக்கட்டுவரை வந்தது.

அங்கே பேனா தாளைவிட்டு எழும்பியது. கோத்த விரல்களுக்கு மேலாகப் போய் நின்றது. விரிந்த விரல்களுக்கு மேலாக வந்து நின்றது. எதையும் தொடவில்லை.

"ஏன் நிறுத்திட்ட, கொமாத்ரே? பேனால மை காயுதே."