ஒரு வீடும் விடாமல்

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் செருப்பைத் தேடும்போதே பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "குடுத்து வச்சவ டயானா நீ" என்றார்கள். நானும் ஆமாம் என்றேன். வேறென்ன சொல்வது? உபதேசியார் மைக்கில் வாசித்தாரே, 'மகன் பிரசாத்தைக் கடலிலிருந்து உயிரோடு கரைசேர்த்த இறைவனுக்கு நன்றியாக, தாய் டயானா' என்று. அடுத்ததாகவே எங்கள் பிளாக் ஜான்சியின் வேண்டுதலையும் வாசித்தார். 'கணவர் மரியசெல்வம் நலமாகத் திரும்பி வர வேண்டி.' இருவரும் ஒரே படகில் போனவர்கள். படகு கவிழ்ந்து, காலி டீசல் கேனைக் கட்டிப்பிடித்து ஒன்பது மணி நேரம் மிதந்து என் பிள்ளை வந்துவிட்டான். அவள் புருஷன் வரவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை. பதின்மூன்று நாளாகிறது.

அதற்காக நான் நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா? அன்றைக்குப் பட்டினப்பாக்கம் மணலில் முட்டிபோட்டு நேர்ந்துகொண்டேன். என் பிள்ளையைக் கொடு ஆண்டவரே, மறுபடி அவன் கடலுக்குப் போய்க் கொண்டுவரும் முதல் மீனைக் குழம்பு வைத்து எங்கள் பிளாக்கில் ஒரு வீடு விடாமல் கொடுக்கிறேன் என்று. நேற்றுதான் வேறு படகில் போனான். கூடை நிறையச் சங்கரா மீன்.

கடலில் காணாமல் போனவர் உடம்பு கிடைக்கிறவரை அந்த வீட்டில் மீன் சேர்க்க மாட்டார்கள். அந்த மீன் எதைத் தின்றதோ என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிரசாத் கெஞ்சினான்.

"அந்த ஒரு வூட்ட வுட்டுடும்மா. உனக்கு இன்னா பைத்தியமா?"

"வாய மூடுறா. ஒரு வூடு வுட்டாலும் நேர்ச்சை நிக்காது. நாளைக்கு நீதான கடலுக்குப் போவணும்?"

எனக்குப் பயம். கொடுத்த பிள்ளையை ஆண்டவர் திரும்ப எடுத்துக்கொண்டால்? ஜான்சி அழுதால் அழட்டும், முகத்தைத் துடைத்துக்கொள்வாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

கதவைத் திறந்தவளிடம் தூக்குவாளியை நீட்டினேன். "நேர்ச்சைக் கொழம்பு ஜான்சி. வேணாம்னு மட்டும் சொல்லாத. என் புள்ள உசுரு இதுலதான் கீது."

அவள் அழவில்லை. "கடல்ல எந்தப் பக்கம் புடிச்சான்?"

நான் தூக்குவாளியின் மூடியைத் திறந்தேன்.

"எந்தப் பக்கம்க்கா?"

"படகு கவுந்த அதே பக்கந்தான்" என்றேன்.

உள்ளே போய் இரண்டு தட்டு எடுத்து வந்து தரையில் வைத்தாள். சோறு போட்டாள். "அவருக்கும் ஊத்து. ஒருத்தரையும் வுடக்கூடாது இல்ல?" ஊற்றினேன். மீன் துண்டு விழுந்தபோது அவள் கண் சிமிட்டக்கூட இல்லை.

"ஜெபம் சொல்லு."

சிலுவை போட்டுக்கொண்டேன். "ஆண்டவரே, நீர் தந்த இந்த உணவுக்காக உமக்கு நன்றி." என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள்தான் சத்தமாக ஆமென் சொன்னாள். பிறகு மரியசெல்வத்தின் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

"அவரு வர லேட்டாவும் போல. நீ துன்னு. நீ துன்னாதான் நானும் துன்னுவேன்."

அடிப்பாவி என்று வாய்வரை வந்தது. ஆனால் அவள் சாப்பிடாவிட்டால் என் நேர்ச்சை என்னாவது? உட்கார்ந்தேன். மீனைப் பிட்டு வாயில் போட்டு மென்றேன்.

அவள் தன் தட்டைத் தொடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாக்கில் முள் ஒன்று தட்டியது. எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தேன்.

ஜான்சி குனிந்து அதை எடுத்தாள். ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.