சுவர்ப் பக்கம்

செத்த வீட்டில் யாராவது நாலடி பின்னால் போய், தலையைச் சாய்த்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார்களா? அவள் பார்த்தாள். வாசல்படியில் நின்று, கூடத்தில் திறந்த பெட்டிக்குள் கிடந்த கணவனையும், பெட்டிக்கு இந்தப் பக்கம் ஸ்டூல் போட்டுத் தான் வைத்திருந்த பூ ஜாடியையும் சேர்த்துப் பார்த்தாள். திரும்பப் போய் ஜாடியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினாள். இப்போது சரியாக இருந்தது. வாசலிலிருந்து நெற்றி, மூடிய கண்கள், மூக்கு வரைக்கும் தெரிந்தது. அதற்குக் கீழே வெள்ளை லில்லியும் நீள இலைகளும்தான்.

"என்னம்மா பண்றே? வந்து ஒரு இடத்துல உக்காரு," என்றாள் நாத்தனார். "இதென்ன உன் ஆபீஸா?"

பக்கத்து வீட்டுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். அவளுக்குக் காது சுட்டது. ஆனால் உட்காரவில்லை. ஒரு இலை சரிந்திருந்தது. அதை நிமிர்த்திவிட்டுத்தான் நகர்ந்தாள்.

ஆபீஸ்களின் வரவேற்பறைக்குப் பூ அலங்காரம் செய்வது அவள் தொழில். வாரத்தின் முதல் நாள், யாரும் வேலைக்கு வருவதற்கு முன்னால் போய், பழையதை எடுத்துப் புதியதை வைத்துவிட்டு வந்துவிட வேண்டும். அந்த வேலைக்கு என்று சில சட்டதிட்டங்கள் உண்டு. வாசனை கூடாது, யாருக்காவது தும்மல் வரும். லில்லியின் மகரந்தத்தை முன்னாலேயே கிள்ளிவிட வேண்டும், கோட்டில் பட்டால் கறை போகாது. உயரமான இலை எதற்கு என்றால் அழகுக்கு இல்லை, சுவரில் இருக்கிற சுவிட்சுப் பெட்டியை மறைக்க. முகப்பு வாசலைப் பார்த்து இருக்க வேண்டும். பின்பக்கம் ஒன்றும் வேண்டாம், காம்பைச் செருகுகிற வெறும் பச்சை ஸ்பாஞ்சும் கம்பியும் போதும்.

அந்தப் பின்பக்கத்தில்தான் அவள் கணவன் வேனில் ஏற்றும்போது ஒரு பூவைச் செருகி வைப்பான். அவள் பிடுங்கி எடுப்பாள்.

"சுவருக்கு எதுக்குங்க பூ?"

"கூட்டிப் பெருக்கறவங்க அந்தப் பக்கமாதானே வருவாங்க," என்பான். மறுவாரமும் செருகுவான். அவனைத் திருத்த முடியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் கீழ்த்தாடையில் பாதியை வெட்டி எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தது பெரிய காரியம். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது, எச்சில் நிற்காது, பேச்சு குழறியது. அவன் பாட்டுக்குக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனான், எதிரில் வந்தவர்களிடம் வம்பளந்தான். கூச்சப்பட்டது அவள்தான். கண்ணாடிக் கதவும் பளபளக்கும் கல்தரையுமாக இருந்த அந்த ஆபீஸ்களுக்குள் அவனைக் கூட்டிப்போக அவளால் முடியவில்லை.

"பார்க்கிங் கிடைக்காதுங்க. நீங்க வண்டியிலயே இருங்க."

கீழ்த்தளம் முழுக்கக் காலியாகக் கிடக்கும். அவன் சரி என்று ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான். வார நடுவில் பூவுக்குத் தண்ணீர் ஊற்ற மட்டும் அவன் தனியாகப் போவான். அதற்கும் அவள் வழி வைத்திருந்தாள். "கேனைக் கீழேயே வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு வந்துடுங்க. அவரே ஊத்திக்குவாரு." போனால் லேசில் வரமாட்டான். கேட்டால், "லிஃப்ட் ரிப்பேர்," என்பான்.

நேற்றுக் காய்ச்சல் என்று படுத்தவன் காலையில் எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டி, நல்ல சட்டை போட்டுக் கிடத்தியதும், அவள் அழுதாள். உண்மையாகத்தான் அழுதாள். அழுது முடித்துப் பார்த்தபோது அவன் வாய் வாசலைப் பார்த்துத் திறந்திருந்தது. உடனே கொல்லைப்புறத்துக்குப் போய், ஆபீசுக்கென்று வாங்கி வைத்திருந்த லில்லிகளை எடுத்து மகரந்தத்தைக் கிள்ள ஆரம்பித்தாள். யார் சட்டையில் கறை படும் என்று பயந்தாளோ, அவளுக்கே தெரியாது. கை அதுபாட்டுக்கு வேலை செய்தது.

வெளியே ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது அவளுடைய பெரிய வாடிக்கை ஆபீஸின் ரிசப்ஷன் பெண். கூடவே அங்கே டீ போடும் அம்மாவும் வாட்ச்மேனும். இவர்களுக்கு யார் சொன்னது? முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தவளின் கண் முதலில் ஜாடிக்குத்தான் போனது. அந்த இலை மறுபடியும் சரிந்து வாயின் ஓரம் தெரிந்தது. ஓடிப்போய் அதைத் தூக்கி நிறுத்தினாள். அந்த ஒரு நிமிஷம் அவளுக்குப் புருஷன் செத்ததே மறந்துபோனது.

ரிசப்ஷன் பெண் பெட்டியருகே வந்து நின்றாள். எட்டிப் பார்த்தாள். குதிகாலைத் தூக்கிப் பார்த்தாள்.

"மேடம், முகம் தெரியலையே."

"தெரியுதேம்மா."

"முழுசா பாக்கணும் மேடம்."

"வேணாம்மா. ஆபரேஷன் பண்ணின முகம். நீ பயந்துடுவே."

"பயமா? வாராவாரம் பாக்கற முகம்தானே மேடம்?"

அவளுக்குப் புரியவில்லை. "எங்கே பாத்தே?"

"எங்க ரிசப்ஷன்லதான். பூ அங்கிள் வந்தாலே எங்களுக்குப் பொழுது போறது தெரியாது. முதல்ல அவர் பேசறது ஒண்ணும் விளங்கலை, அப்புறம் பழகிடுச்சு. ஒரு நாள் எங்க பெரிய சார் பூவைத் தொட்டுப் பாத்து, 'பிளாஸ்டிக்கா'ன்னு கேட்டார். 'ஆமா சார், வாராவாரம் தண்ணி ஊத்தி வளக்கற பிளாஸ்டிக்'னார் அங்கிள். அந்தச் சிடுமூஞ்சி மனுஷன் சிரிச்சதை அன்னிக்குத்தான் பாத்தோம்."

டீக்கார அம்மா மூக்கைச் சிந்தினாள். "அவருக்குச் சூடு ஆகாதுல்ல. டீயை நல்லா ஆத்தி, ஸ்ட்ரா போட்டுக் குடுப்பேன். இந்த வாரம் வருவாருன்னு ஒரு கட்டு ஸ்ட்ரா வாங்கி வச்சேன்."

"அவர் மேலயா வந்தாரு?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"உங்களுக்குத் தெரியாதா மேடம்?" ரிசப்ஷன் பெண் தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லிக்க வேணாம்னு சொல்வார். 'அவளுக்குக் கூச்சமா இருக்கும்'னு. உங்களுக்கு ரொம்பக் கூச்ச சுபாவம் போலன்னு நாங்க நினைச்சுக்கிட்டோம்."

சொல்லிவிட்டு அந்தப் பெண் ஜாடியைப் பார்த்தாள். வாயை மறைத்து நின்ற இலைகளைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கேனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருகிறவனுக்கு லிஃப்ட் எதற்கு? இத்தனை நாளில் அது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே காலி பார்க்கிங்கில் தாளம் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. கூடத்தில் எல்லோரும் தன்னையே பார்ப்பதாகத் தோன்றியது.

ஜாடிப் பக்கம் வந்தவர்கள் நின்றதால், அதை எடுக்கப் பெட்டியைச் சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கமாக வந்தாள். அங்கே மகள் காலையிலிருந்து அப்பா தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அவன் முகத்துக்கு நேரே வெறும் பச்சை ஸ்பாஞ்ச். அதில் குத்தியிருந்த கம்பிகள். ஒட்டிய டேப் பிரிந்து தொங்கியது.

"அப்பா பக்கம் ஒண்ணுமே வைக்கலியேம்மா," என்றாள் மகள். கோபமாகச் சொல்லவில்லை. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது.

அவள் பெட்டிக்குக் குறுக்கே கையை நீட்டி ஜாடியை இரண்டு கையாலும் தூக்கினாள். தண்ணீர் சிந்தி அவன் சட்டை நனைந்தது. கால்மாட்டில், வாசல் பக்கமாகக் கொண்டுபோய் வைத்தாள். ரிசப்ஷன் பெண் குனிந்து அவன் முகத்தைப் பார்த்து, "அங்கிள்," என்றாள். டீக்கார அம்மா தன் கைக்குட்டையால் அவன் வாயோரத்தை ஒற்றியெடுத்தாள். ரொம்ப நாள் செய்து பழகியவளைப் போல ஒற்றினாள்.

அவள் ஜாடியைத் திருப்பினாள். பூவெல்லாம் அவன் பக்கம் போனது.

வாசலில் இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது ஸ்பாஞ்சும் கம்பியும் தொங்குகிற டேப்பும். அவள் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.