வால்வுக்கு வழி

பனி அள்ளும் லாரி ஓட்டும் மார்லிஸ், அமெரிக்காவின் துலூத் நகரத்துப் பொதுச் சைக்கிள் பட்டறையில், தான் கட்டிய முதல் சக்கரத்தை இரண்டாவது முறையாகப் பிரித்துப் போட்டாள். காற்றடிக்கும் வால்வுக்கு நேர் மேலே இரண்டு ஸ்போக்ஸ் கம்பிகள் குறுக்கிட்டதால், பம்பின் தலை நுழையவில்லை.

"கடையில வாங்கிக்கோயேன். இதெல்லாம் உனக்கு ஒத்து வராது" என்றான் பட்டறையின் பழைய ஆளான வெர்ன். அவன் தானே கட்டிய சக்கரத்தின் பெருமையைக் கேட்டுப் புளிக்காத காதே அங்கே கிடையாது.

"வாயை மூடிட்டு வேடிக்கை பாரு."

இந்த முறை சக்கர வளையத்தில் ஒரு துளை தள்ளி ஆரம்பித்தாள். முப்பத்தாறு கம்பிகளையும் கோத்து, கோட்டம் எடுத்து, சுற்றிவிட்டாள். பிரேக் கட்டையில் உரசாமல் பம்பரமாகச் சுழன்றது. வால்வைச் சுற்றிக் கம்பிகள் விலகி நின்றன. பம்பு அலுங்காமல் நுழைந்தது.

"குருட்டு அதிர்ஷ்டம்" என்றான் வெர்ன்.

மார்லிஸ் நேராக அவன் சைக்கிளிடம் போய்க் குனிந்தாள். வால்வுக்கு மேலே கம்பிகள் பெருக்கல் குறி போட்டிருந்தன.

"ஏன்யா, காத்தடிக்கறப்பல்லாம் விரல் தோலு உரியுதுன்னு பத்து வருஷமா பம்பையா திட்டிட்டிருந்த?"

பட்டறையே சிரித்து ஓய்ந்தது. வெர்ன் தன் சக்கரத்தைக் கழற்றி அவள் முன்னால் வைத்தான்.

"சரி, எந்தத் துளையில ஆரம்பிக்கணும்?"