சின்னராசுவுக்கு ஐந்து மில்லி

நான் டி.பார்ம் படித்தவள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சுப்புராயன் அண்ணனின் மருந்துக் கடையில் ஐந்து வருடமாக நிற்கிறேன். டாக்டர் கிறுக்கிய சீட்டை மட்டுமல்ல, அதை நீட்டுகிறவரின் மூஞ்சியையும் படித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிர் ஒரே ஒரு மனிதரிடம் மண்ணைக் கவ்வியது. அவரிடமே மனதையும் பறிகொடுத்தேன் என்பது அதைவிடப் பெரிய கூத்து.

முதல் தடவை அவர் வந்தது ஆவணி மாதத்தில். வெள்ளிமலைக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். அரிசி, சிமென்ட் ஏற்றிக்கொண்டு மேலே போவார், மரவள்ளிக் கிழங்கோடு கீழே வருவார். தலையிலிருந்து தாடை வரை துண்டைச் சுற்றிக் கட்டியிருந்தார். மலைப் பாதையின் தூசுக்குக் கட்டியிருக்கிறார் என்று நினைத்தேன். வெளியே தெரிந்தது மூக்கும் இரண்டு கண்களும்தான். அந்தக் கண்களைப் பற்றி இப்போது வேண்டாம், கதை நகராது.

"கொழந்தைக்கு பல்வலிங்க. ஜொரம் வேற. ஆரஞ்சு வாசன அடிக்குமே, அந்த சிரப்பு குடுங்க மேடம்."

"வயசு இன்னா?"

"நாலு."

"வெயிட்டு?"

இதற்கு மட்டும் அவருக்கு நேரம் பிடித்தது. கூரையைப் பார்த்தார், தராசைப் பார்த்தார், தெருவில் போன ஒரு பையனைப் பார்த்தார். "பதினஞ்சு கிலோங்க."

"பேரு?"

மருந்து கொடுக்கப் பெயர் தேவையே இல்லை. நான்தான் கேட்டுவைத்தேன். "சின்னராசு" என்றார்.

வெறும் காய்ச்சல் என்றால், டெங்குவாக இருந்து ரத்தம் கசிந்துவிடுமோ என்று இந்த ஆரஞ்சு இபுபுரோஃபென் பாட்டிலைக் கையாலும் தொட மாட்டேன். பல்வலி என்றதால் எடுத்தேன். எடுத்ததும் என் வழக்கமான பிரசங்கம் ஆரம்பித்தது. இது சிரப் இல்லை, சஸ்பென்ஷன். குலுக்காமல் ஊற்றினால் மேலே வெறும் தண்ணீர் வரும், மருந்தெல்லாம் அடியில் உட்கார்ந்திருக்கும். ஆகவே நன்றாகக் குலுக்க வேண்டும். வீட்டு ஸ்பூன் கூடாது, இந்த மூடியில் கோடு போட்டிருக்கிறது, ஐந்து மில்லி. சாப்பிட்ட பிறகு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் எட்டு மணி நேரம். ஒரு நாளைக்கு மூன்று வேளைக்கு மேல் ஒரு சொட்டு கூடாது. இதோடு வேறு வலி மருந்து கூடவே கூடாது.

இதையெல்லாம் சொன்னால் ஊரில் முக்கால்வாசிப் பேர் செல்போனைப் பார்ப்பார்கள். இவர் முதல் பெஞ்சு மாணவர் மாதிரி ஒவ்வொன்றுக்கும் "சரிங்க மேடம், சரிங்க மேடம்" என்று தலையாட்டினார். அங்கேதான் நான் விழுந்தேன் என்று நினைக்கிறேன்.

நாலு நாள் கழித்துக் காலி பாட்டிலோடு வந்து நின்றார். அதே துண்டு, அதே கண்கள். கண்கள் மட்டும் கொஞ்சம் உள்ளே போயிருந்தன.

"கம்மியாவலீங்க."

"பல் டாக்டர்கிட்ட காமிச்சீங்களா?"

"டாக்டர்னா பயங்க."

"யாருக்கு?"

"கொழந்தைக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "கொழந்தைன்னா பயப்படத்தான் செய்யும். தூக்கிக்கினு போவறது உங்க வேலை. இன்னா அப்பா நீங்க? அவன் அம்மா எங்க?"

"அம்மாவா? அம்மா வூட்ல கீறாங்க. கஷாயம் வச்சிக்கினு இருந்தாங்க."

ஆக, பெண்டாட்டியும் இருக்கிறாள். கஷாயமும் வைக்கிறாள். அம்சவள்ளி, உனக்கு இதெல்லாம் தேவையா என்று என்னையே நாலு திட்டுத் திட்டிக்கொண்டேன். திட்டிவிட்டு என்ன செய்தேன்? கடைக்கு எதிர்த்தாற்போல் விற்ற பிளாஸ்டிக் பஸ் ஒன்றை வாங்கி, இன்னொரு பாட்டிலோடு சேர்த்து, "சின்னராசுகிட்ட குடுங்க, அழாம டாக்டர்கிட்ட போவச் சொல்லுங்க" என்று கொடுத்தேன். அவர் அந்தப் பஸ்ஸை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். சுப்புராயன் அண்ணன் கல்லாவிலிருந்து என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

புரட்டாசியில் மூன்றாவது தடவையாக வந்தபோது நான் மருந்து தரவில்லை. பெற்ற பிள்ளை மாதக் கணக்கில் வலியில் துடிக்க, அப்பன்காரன் பாட்டில் பாட்டிலாக வாங்கிப் போவதா? "பையன நேர்ல கூட்டிக்கினு வாங்க. அப்பதான் தருவேன்" என்றேன். அவர் ஏதோ சொல்ல வந்தார். துண்டை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் பத்து நாள் ஆளையே காணோம். சோறு இறங்கவில்லை எனக்கு. பாதிக் கவலை அந்தப் பையனைப் பற்றி. மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். பையன் கச்சிராயபாளையம், சொந்த வண்டி, கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை. அம்மா செல்போனை நீட்டி, "போட்டோ அனுப்பிக்கிறாங்க, பாருடி" என்றாள். எவள் புருஷனையோ நினைத்து ஏங்கிய மனசுக்கு நானே கொடுத்துக்கொண்ட தண்டனையாக, "போட்டோவெல்லாம் வேணாம். எவன் வந்தாலும் சரி" என்றேன். அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு அம்மா ஒரே பூரிப்பில் மூழ்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தியாகதுருகத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். பையன், பையனின் அம்மா சாலம்மாள், தாய்மாமன் வீரமுத்து. நான் காபித் தட்டோடு போய் நிமிர்ந்து பார்த்தேன்.

அதே இரண்டு கண்கள்!

துண்டு இல்லாத முகம். நல்ல முகம்தான். வலது கன்னம் மட்டும் உப்பியிருந்தது. பஜ்ஜியை அதக்கிவைத்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றியது. ஐந்து வருட அனுபவம்! என்னைப் பார்த்து ஒரு பக்கமாகச் சிரித்தார். வீட்டில் பெண்டாட்டியைக் கஷாயம் வைக்கச் சொல்லிவிட்டு இங்கே வந்து சிரிப்பு.

காபித் தட்டை ஸ்டூலில் வைத்தேன். "சின்னராசு எப்டி கீறான்?" என்று கேட்டேன்.

சாலம்மாளுக்கு முகமெல்லாம் பல். "வூட்டுப் பேரெல்லாம் தெரிஞ்சி வச்சிக்கினு கீது பாரு தம்பி! எங்க நல்லா கீறான்மா? நேத்து மதியத்துல இருந்து ஒரு வாய் சோறு எறங்கல. பல்வலி."

"கேட்டீங்களாப்பா?" என்று நான் கத்தினேன். "இவருக்கு நாலு வயசுல ஒரு பையன் கீறான்! பொண்டாட்டி வூட்ல கீறா! மூணு தடவ எங்கிட்ட மருந்து கேட்டு வந்திருக்காரு!"

என் அப்பா பச்சமுத்து மாட்டைக்கூட அதட்டத் தெரியாதவர். அவர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீரமுத்து பஜ்ஜியும் கையுமாக, "எவன்யா சொன்னது? எங்க புள்ள மேல சத்தியமா" என்று ஆரம்பித்து, புள்ள என்ற வார்த்தை இந்த நேரத்தில் சரியில்லை என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். பக்கத்து வீட்டு ஜன்னலில் நாலு தலை முளைத்தன.

மாப்பிள்ளை இரண்டு கையையும் ஆட்டினார். வாய் இரண்டு விரல் அகலம்கூடத் திறக்கவில்லை. கடைசியில் கன்னத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"நான்தாங்க சின்னராசு."

ஜன்னல் தலைகள் இன்னும் கொஞ்சம் உள்ளே நீண்டன.

"அதாம்மா சொல்றேன்" என்றார் சாலம்மாள், எதற்கு இத்தனை கூச்சல் என்றே புரியாமல். "காசிநாதன்னு ரேஷன் கார்டுல போட்டோம். வூட்ல சின்னராசுதான்."

"அப்ப அந்த மருந்து?" என்றேன்.

"எனக்குதாங்க. மாத்திர முழுங்க வராதுங்க. முப்பது வயசுல, மூட்ட தூக்கறவன், அத உங்ககிட்ட எப்டிங்க சொல்றது? கொழந்தைக்குன்னு வாய்ல வந்துடுச்சி. கன்னம் வீங்கினது தெரியக்கூடாதுன்னு துண்டு கட்டிக்கினேன். நீங்க எப்பியோ கண்டுபுடிச்சிட்டிருப்பீங்கன்னுதான் நெனச்சேன். அந்த பஸ்ஸு கூட வெளையாட்டுக்கு குடுத்தீங்கன்னு வண்டியில முன்னாடி வச்சிக்கினு கீறேன். அதுக்கப்புறம்தான் அம்மாகிட்ட சொல்லி உங்க வூட்ல பொண்ணு கேக்க சொன்னேன்."

"எட்டு வயசுல ஒரு மாத்திர தொண்டையில சிக்கிக்கிச்சி" என்று சாலம்மாள் கூட்டத்துக்கு விளக்கினார். "அதுலேர்ந்து வாழப்பழத்துல வச்சி குடுத்தாகூட, பழத்த முழுங்கிட்டு மாத்திரைய துப்பிடுவான்."

நான் அவரை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "எவ்ளோ குடிச்சீங்க?"

"அஞ்சு மில்லி."

"அஞ்சா?"

"மூணு வேள. குலுக்கிட்டு. சாப்ட்டு."

"உங்க வெயிட்டு இன்னா?"

"எழுவத்திரெண்டு."

எழுபத்திரண்டு கிலோ உடம்புக்கு ஐந்து மில்லி எந்த மூலைக்கு? "வலி தாங்காதப்ப இன்னொரு மூடி குடிக்கணும்னு தோணலயா?"

"நீங்க அஞ்சுன்னு சொன்னீங்களே மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மலையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பல் தெறிக்கத் தெறிக்க வண்டி ஓட்டிக்கொண்டு, நான் சொன்ன ஒரு சொல்லுக்காக அந்தக் கோட்டைத் தாண்டாமல் குடித்திருக்கிறார். இப்படி ஒரு ஆள் எங்கே கிடைப்பார்? இந்த மனிதரைக் கட்டிக்கொள்ளாமல் விட்டால் நான் மடச்சி.

விடுகிற மாதிரித்தான் இருந்தது நிலைமை. வீரமுத்து பஜ்ஜியைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்தார். "பொண்ணு பாக்க வந்த எடத்துல மாப்ளைக்கு புள்ளையும் பொண்டாட்டியும் கட்டி வுட்டாச்சி. தெருவே சிரிக்குது. வா அக்கா, போவலாம். இந்த எடம் வேணாம்."

அப்பா மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார். என் வாயாலேயே கெடுத்துக்கொண்டேன். காசிநாதன் எழுந்தார். எழுந்தவருக்கு உடம்பு உதறியது.

எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு வேலை. கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினேன். நூற்றியொன்று. அந்தப் பையனுக்கென்று பத்து நாளாகப் பையிலேயே வைத்திருந்த பாட்டிலையும் எடுத்தேன்.

"அல்சர் கீதா? ஆஸ்துமா? கிட்னில எதாவது? காலையில வேற மருந்து எதாவது போட்டீங்களா?"

"இல்லீங்க. இல்லீங்க. இல்லீங்க. இல்லீங்க."

"இன்னாய்யா இது, மாப்ளைய பொண்ணு கேள்வி கேக்குது!" என்றார் வீரமுத்து.

"உங்களுக்கு இருவது மில்லி. இது வலியையும் ஜொரத்தையும்தான் கொறைக்கும், பல்ல சரி பண்ணாது. நாளைக்கே பல் டாக்டர்."

"தனியா போவ மாட்டேங்க."

"நான் வரேன்" என்றேன். அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள். "ஆனா வெறும் வயித்துல மருந்து தர மாட்டேன். ஒக்காருங்க, சோறு போடறேன்."

அதைச் சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. பெண் பார்க்கப் போகிற வீட்டில் பஜ்ஜி சாப்பிடலாம், காபி குடிக்கலாம். சோற்றில் கை நனைக்க மாட்டார்கள். நனைத்தால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் பின்வாங்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

வீரமுத்துவுக்கும் தெரியும். "கை நனைக்கற வேலையெல்லாம் வேணாம். போற வழியில ஓட்டல்ல இட்லி வாங்கித் தரேன், வாடா."

நான் நிற்கவில்லை. சமையல்கட்டுக்குப் போய்ச் சோற்றைக் குழைத்தேன், ரசம் ஊற்றினேன், மெல்லத் தேவையில்லாதபடி இன்னும் குழைத்தேன். அவசரத்தில் பாதி ரசம் தரைக்குப் போனது. கூடத்தில் இலையைப் போட்டு, சோற்றை வைத்து, பக்கத்தில் சொம்புத் தண்ணீரையும் வைத்துவிட்டு எட்டி நின்றேன். வேண்டாம் என்றால் மருந்து மட்டும் கொடுத்து அனுப்பிவிடலாம், அழுகையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

அவர் இலையைப் பார்த்தார். மாமனைப் பார்த்தார். அவருடைய அம்மாவைப் பார்த்தார். சாலம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார். சம்மணம் போட்டு, சொம்பைச் சாய்த்துக் கையைக் கழுவிக்கொண்டு, ஐந்து விரலும் ரசத்தில் மூழ்கும்படி கையை வைத்து, ஒரு பெரிய கவளமாக உருட்டி வாய்க்குள் தள்ளினார். கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது.

"வலிக்குதா?" என்று பதறிப்போய்க் கேட்டேன்.

"ரொம்ப ஜாஸ்தியா வலிக்குது" என்று சொல்லிவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டினார்.